அண்ணன் மாற்றிய காற்றுக் குழாய்

1996ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். என் கல்யாணத்தன்று காலையில் நடந்தது இது. கல்யாணத்தன்று என்றவுடன் நகை தொலைந்ததா, மாப்பிள்ளை ஓடிவிட்டாரா என்று நினைத்துவிடாதீர்கள். நகையும் இருக்கிறது, மாப்பிள்ளையும் இருக்கிறார். இதை எழுதும்போதுகூட அவர் வாசலில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இது என் அண்ணனின் காரைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் காரின் காற்றுக் குழாயைப் பற்றியது.

அண்ணன் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தான். நான் அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்தேன். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஊருக்கு முன்னால் "அண்ணே, வாங்க" என்பேன். வீட்டுக்குள் 'வா', 'போ' தான். காலையில் அவனோடு ஏறிப்போய், மாலையில் அவனோடே இறங்குவேன். அப்படித் தினமும் ஹைவேயில் போய்வந்த கார், ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கருஞ்சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும். அதில் ஏறுவதென்றால் உட்காருவதல்ல, விழுவது.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவார். தோட்டத்தை விட்டு வெளியே தாமான் குடியிருப்பில் ஒரு வீடு எடுக்க வேண்டும், அதை மகன் பெயரில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் வீட்டுக்குப் பதில் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அன்றைக்கு நடந்த சண்டையை லயத்து வீடுகளில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் செய்தி போகாமல் இருக்காது. நடுவில் நான் இருந்தேனே. அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். அப்பா என்னைப் பார்த்து, "அவன்கிட்ட சொல்லு, வாசல்ல கார மறிச்சு நிறுத்த வேணாம்னு" என்பார். அண்ணன் என்னைப் பார்த்து, "எடுத்துட்டேன்னு சொல்லு" என்பான். நான் யாரைப் பார்த்தும் எதுவும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

கார் வந்து கொஞ்ச நாளில் அண்ணனுக்கு இன்னொரு கிறுக்கு பிடித்தது. இஞ்சினுக்குள் போகும் காற்றை மாற்ற வேண்டும் என்றான். காருக்குக் காற்றா, என்ன சொல்கிறான் இவன் என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்ரோல் எண்ணெய் மட்டும் இருந்தால் இஞ்சின் ஓடாது, அது மூச்சும் இழுக்க வேண்டும், நல்ல மூச்சு இழுத்தால் நன்றாக ஓடும் என்று ஹைவே முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டு வந்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மலாக்கா டவுனில் ஒரு சீனர் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். கார் சாமான்கள் விற்கும் கடை. நான் அடுக்கிவைத்த டயர்களின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த தே ஐஸை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். அவனும் கடை முதலாளி தவுக்கேயும் பொன் வாங்குகிறவர்களைப் போல ஒவ்வொரு காற்று ஃபில்டராகக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள்.

முதலில் அவன் வாங்கி மாட்டியது காளான் மாதிரி குடை விரித்த ஒரு ஃபில்டர். பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இஞ்சினுக்குப் பக்கத்திலேயே அதைத் திறந்தபடி மாட்டுவார்கள். அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் அதைத்தான் மாட்டினார்கள். சத்தம்தான் அதன் சிறப்பு. அண்ணன் பெடலை அழுத்தினால் முன்னால் யாரோ பெருமூச்சு விட்டு உறுமுவது போல இருக்கும். தோட்டத்துக்குள் அவன் வருவது ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்துவிடும். அப்பா என்னிடம், "உங்கண்ணன்கிட்ட சொல்லு, தோட்டத்து நாயெல்லாம் சோறு திங்காம கிடக்குதுன்னு" என்றார்.

ஆனால் அந்தக் காளான் அண்ணனை ஏமாற்றிவிட்டது. ஹைவேயில் பறக்கும்போது சரி. சிக்னலில் நின்று, நெரிசலில் ஊர்ந்து போனால் கார் சோர்ந்துவிடும். மூடியிருக்கும் இஞ்சினின் சூட்டையே அது திரும்பத் திரும்ப உள்ளே இழுத்தது. "சத்தத்தத்தான் வாங்கி மாட்டியிருக்கே லா நீ" என்று கிண்டல் செய்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கே அது தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மஸ்ஜித் தானா என்ற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அங்கே அரசாங்கக் கிளினிக்கில் வேலை. கல்யாணம் மலாக்கா டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் என்று முடிவானது. பெண்ணை அழைத்துப்போக அப்பா தோட்ட ஆபீஸ் கிராணியாரின் பெரிய காரைக் கேட்டு வைத்திருந்தார். நான் ஒரே பிடியாக நின்றேன். "போனா அண்ணன் வண்டியிலதான் போவேன். இல்லாட்டி உங்க லோரியில ஏத்திட்டுப் போங்க" என்றேன். கல்யாணப் பெண்ணின் பேச்சுக்கு அந்த ஒரு மாதம்தான் மதிப்பு. அதை நான் வீணாக்கவில்லை. அப்பா எழுந்து போனார். மறுநாள் கிராணியாரிடம் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை மேளத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்துதான் போக வேண்டும். ஊர்ந்தால் காளான் சூட்டை இழுக்கும், வண்டி திணறும், ஏர்கோனையும் அடிக்கடி நிறுத்த வேண்டிவரும், தங்கச்சியின் மேக்கப் வழியும். இப்படி அவன் மூளை வேலை செய்தது. பழைய பெட்டியையே மாட்டிவிடலாமா, காளானைச் சுற்றித் தகரத்தில் மறைப்புக் கட்டலாமா, இல்லை நீளக் குழாய் போடலாமா என்று தினமும் என்னைப் போட்டுக் குடைந்தான். நீளக் குழாய் என்பது இஞ்சினிலிருந்து கீழே இறங்கி, முன் பம்பருக்குள் போய் முடிவது. ஃபில்டர் அங்கே கீழே, வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும். சூடு எட்டாது. சத்தமும் அடங்கிவிடும். கடைசியில் அதைத்தான் எடுத்தான். தேர்ந்தெடுத்தது அவன்தான் என்றாலும், "சத்தம் வேணாம், மாப்பிள்ள வீட்டுக்காரங்க பயந்துடப் போறாங்க" என்று நானும் அந்தப் பக்கம்தான் பேசினேன்.

குழாயை மாட்டி முடித்த தவுக்கே, கையைத் துடைத்துக்கொண்டே பம்பரைக் காட்டி, "ஆயர் திங்கி, ஜாங்கான் மாசோக் லா" என்றார். தண்ணீர் உயர்ந்திருந்தால் உள்ளே இறங்காதே என்கிறார். ஃபில்டர் அவ்வளவு தாழ்வில் இருந்தது. காற்றை இழுக்கும் வாய் தண்ணீரை இழுத்துவிட்டால் இஞ்சின் அதோடு சரி. அண்ணன் சிரித்தான். "கல்யாணத்துக்குத்தான் போறோம், கடலுக்கா போறோம்?" என்று என்னிடம் தமிழில் சொன்னான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுவதும் மழை. விடிந்தபோது தூறலாக இருந்தது. அம்மாவும் மற்றவர்களும் தட்டுகளோடு வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் பட்டுப்புடவையில் ஜன்னலோரம் நின்றபோது ஒன்றைப் பார்த்தேன். பழைய பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா அந்தக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் தொட்டுக்கூடப் பார்க்காத கார். அண்ணன் குளித்துவிட்டு வெளியே வந்ததும் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு வேறெதற்கோ வந்தவர் போல நகர்ந்துவிட்டார்.

கிளம்பும்போது அத்தை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அப்பாவின் அக்கா அவர். எனக்குத் துணையாகக் காரில் வருபவர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம். தோட்டத்தின் பெரிய கேட் மேற்கில் இருந்தது. அந்த வழியாகப் பெண் கிளம்பக் கூடாது, கிழக்கே செம்பனைக்குள் போகும் மண்பாதை வழியாகத்தான் போக வேண்டும் என்றார்.

"ஒரு வெல்லக்கட்டிய வாயில போட்டுட்டு மேக்கால போனா என்னா அத்த?" என்றான் அண்ணன்.

"பாசாருக்குப் போறதுன்னா வெல்லம் போதும். கல்யாணப் பொண்ணுக்குப் போதுமாடா?" என்றார் அத்தை.

அதற்கு மேல் யார் பேசுவது? இரண்டு கதவுக் காரின் பின்னிருக்கையில் அத்தையை ஏற்றிய கதையைத் தனியாக எழுத வேண்டும். முன்னிருக்கையை மடக்கி, அவரைத் தலை முதலில் போகும்படி தள்ளி, பிறகு என்னை மாலையோடு சொருகி, இருக்கையை நிமிர்த்தியபோது அண்ணனுக்கே வேர்த்துவிட்டது. அப்பா முன்னால் ஏறினார். அந்தக் காரில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

கார் மெதுவாகச் செம்பனை மரங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் ஓலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஏர்கோன் ஜில்லென்று அடித்தது. அப்பா நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"சத்தத்தக் காணோம்?"

'அவன்கிட்ட கேளு' என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு விநாடி விழித்தான். பிறகு, "பைப்ப மாத்திட்டேன்பா" என்றான்.

"எந்த பைப்பு?"

அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். எனக்கு ஹைவேயில் நடத்திய பாடத்தையேதான் சொன்னான். ஆனால் அப்பாவிடம் சொல்லும்போது அவன் குரலே வேறாக இருந்தது. காற்று குளிர்ந்தால் கெட்டியாகும், கெட்டியான காற்று உள்ளே போனால் எண்ணெய் நன்றாக எரியும், வண்டி நன்றாக இழுக்கும் என்றான்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "அதான் வெள்ளன எடுத்தா லோரி நல்லா இழுக்குதா? மத்தியான வெயில்ல அதே மேட்டுல மூச்சு வாங்கும்."

"அதேதான்பா! அதேதான்!" என்று அண்ணன் கிட்டத்தட்டக் கத்தினான்.

"நான் இத்தன வருசமா லோரிக்குத்தான் வெயில் ஒத்துக்கலன்னு நெனச்சேன்" என்று அப்பா சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அந்தக் குழாய் எப்படி வளைந்து போகிறது என்று அப்பா கையால் காட்டிக் கேட்க, அண்ணன் ஒரு கையை எடுத்து வளைத்துக் காட்டினான். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அத்தை என் கையைத் தட்டி, "அழுவாத. மஸ்ஜித் தானா என்ன சீமையா, நெனச்சா வந்து பாத்துட்டுப் போவலாம்" என்றார். முன்னிருக்கையில் நடந்த பேச்சு அவர் காதிலேயே விழவில்லை. மடியில் இருந்த பூப்பை நசுங்கிவிடுமோ என்பதுதான் அவர் கவலை.

பாதை ஓர் இடத்தில் தாழ்ந்து இறங்கும். அங்கே ஒரு சிறு ஓடையின் மேல் சிமெண்டுப் பாலம். அன்று பாலத்தைக் காணவில்லை. செந்நிறத் தண்ணீர் பாதையை மூடிக்கொண்டு ஓடியது. அண்ணன் காரை நிறுத்தினான்.

"போ. இதெல்லாம் ஒரு தண்ணியா? லோரியில எத்தன தடவ போயிருக்கேன்" என்றார் அப்பா.

"லோரிக்குக் காத்து மேல இருந்து போகுதுப்பா. இதுக்கு வாய் கீழ, பம்பருக்குள்ள இருக்கு. தண்ணி குடிச்சா இஞ்சின் முடிஞ்சிடும். திரும்பிப் போய் பெரிய கேட் வழியா போயிடலாம். நேரம் இருக்கு."

அத்தைக்கு இப்போது காது நன்றாகக் கேட்டது. "பொண்ணு ஏறுன வண்டி வாசலுக்குத் திரும்புறதா? அதுவும் மேக்கால? நல்லா இருக்குடா நீ பேசுறது! போன பொண்ணு திரும்பி வரணும்னு நெனச்சிக்கிட்டுப் பேசுறியா?"

நான் வாயைத் திறந்தேன். "அப்பா, திரும்பிடலாம்பா, எனக்கு அதுல ஒண்ணுமில்ல" என்றேன். "பொண்ணு பேசக் கூடாது" என்று அத்தை என் வாயைப் பொத்தினார். பொத்திய கையில் இருந்த சந்தனம் என் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

அப்பா தண்ணீரைப் பார்த்தார். அத்தையைத் திரும்பிப் பார்த்தார். சகுனத்தை அவர் அவ்வளவாக நம்புகிறவர் இல்லை. ஆனால் நாளைக்கு எனக்கு ஒரு தலைவலி வந்தாலும், அன்றைக்கு வண்டியைத் திருப்பினாயே என்று ஊர் அவரைத்தான் சொல்லும். அண்ணனின் தோளில் கையை வைத்தார். "நான் சொல்றேன்லப்பா. மெதுவா போ" என்றார்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு நன்றாகத் தெரியும், போகக் கூடாதென்று. வேறொரு நாளாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருப்பான். அன்றைக்கு அவனால் முடியவில்லை. காரை எடுத்தான்.

பாதித் தூரம் போயிருப்போம். முன்னால் ஏதோ மடக்கென்று விழுங்கியது போலச் சத்தம். உடனே அடியில் ஒரு இடி. அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. ஏர்கோன் நின்றது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து என் கால் விரலைத் தொட்டது. அண்ணன் சாவியைத் திருப்பவில்லை. திருப்பினால் இன்னும் கெடும் என்று அவனுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அத்தை முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு முன்னிருக்கையைக் குத்தினார். இரண்டு கதவுக் கார். முன்னால் இருப்பவர்கள் இறங்காமல் நாங்கள் இறங்க முடியாது.

நல்ல வேளையாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. பக்கத்துக் கம்போங் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெரியவர். காரின் முகப்பில் கட்டியிருந்த பூவைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பைத் திருப்பி, பின்பக்கமாகத் தண்ணீருக்குள் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார். "பெங்கான்தின் தா போலே லம்பாட்" என்றார். கல்யாணப் பெண் தாமதமாகக் கூடாதாம். அவருக்கு நாங்கள் யார், எங்கள் முகூர்த்தம் என்ன? ஆனாலும் அன்று எங்களை மண்டப வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அவர் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

ஜீப்பில் ஏறும்போது அப்பா காரை ஒரு தடவை பார்த்தார். "பாத்துக்க" என்றார். "நீங்க போங்கப்பா, நான் பின்னாலயே வந்துடுறேன்" என்றான் அண்ணன். முழங்கால் அளவுத் தண்ணீரில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரைக்கும்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இஞ்சின் போயிருந்தது, அவ்வளவுதான்.

மண்டப வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பெண் ஜீப்பில் வந்து இறங்குகிறாள், புடவை ஓரம் முழுக்கச் சேறு, அப்பாவின் பட்டு வேட்டி முழங்கால் வரை நனைந்திருக்கிறது. கேட்காமல் இருப்பார்களா? அத்தை ஒரே வரியில், "அந்தக் காரு தண்ணியில நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் நாலு பேர் இருந்தால் குரலை உயர்த்திப் பேசுகிற ரகம்.

"என்ன சம்பந்தி, அந்த மாதிரி காரையா பொண்ணுக்கு எடுக்குறது? அதெல்லாம் பையனுங்க ரேஸ் ஓட்டுற வண்டி. தண்ணியப் பாத்தா நிறுத்தத் தெரியாதா உங்க மகனுக்கு?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா நனைந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படி நிற்கும் அவமானம் அவர் முகத்தில் தெரிந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய். தானாக வந்துவிட்டது.

"சொன்னா எங்க கேக்குறான்" என்றார்.

நான் ஆரத்திக்காகத் தெருப்பக்கம் பார்த்தபடி திரும்பி நின்றிருந்தேன். அதனால்தான் அண்ணன் வந்ததை முதலில் பார்த்தது நான். யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கியிருக்கிறான். காற்சட்டையை மடித்துவிட்டிருந்தான். அவசரத்தில் நான் காரிலேயே விட்டுவிட்ட செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அப்பா சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. அவன் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் கோபம் வரவே இல்லை. ஏதோ விலாசம் மாறி வந்துவிட்டவனைப் போல ஒரு கணம் நின்றான். பிறகு குனிந்து என் செருப்பைச் சுவரோரமாக வைத்தான்.

அப்பா திரும்பினார். அவனைப் பார்த்தார். அவர் வாய் திறந்ததையும் பார்த்தேன். அதற்குள் குருக்கள் உள்ளேயிருந்து, "நேரமாச்சு, பொண்ண கூட்டிட்டு வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். மேளம் தொடங்கிவிட்டது. எல்லோரும் நகர்ந்தார்கள். என்னையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தாலி ஏறியதும் பெண்ணின் சகோதரன் பொரி போட வேண்டும். அண்ணன் வந்து என் கையில் பொரியை அள்ளி வைத்தான். கை கழுவியும் இஞ்சின் எண்ணெய் வாசம் போகவில்லை. "அண்ணே" என்றேன் மெதுவாக. "நிமிராத, போட்டோ எடுக்குறாங்க" என்றான். அதோடு சரி. கல்யாணத்தில் அவன் எல்லா வேலையும் செய்தான். பந்தியில் பரிமாறினான், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டான், என் மாமனாரைக் கைப்பிடித்துக் காரில் ஏற்றிவிட்டான். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

காரை இழுத்துக்கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தபோது இஞ்சினுக்குள் ஒரு தண்டு வளைந்துபோயிருந்ததாம். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது என்று அண்ணன் ஒருமுறை எனக்கு விளக்கினான். அவன் அதைச் சரிசெய்யவில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த வருடமே ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அப்பா ஆசைப்பட்ட மாதிரி அங்கே தாமானில் வீடும் எடுத்துவிட்டான். அப்பாவுக்கு இப்போது சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை.

என் மகள் பிறந்து சில மாதங்கள் கழித்து அப்பா மஸ்ஜித் தானாவுக்கு எங்களைப் பார்க்க வந்தார். குழந்தையின் ஏணையை ஆட்டிக்கொண்டே, கேட்காமலேயே சொன்னார்: "அன்னைக்கு நான்தாம்மா போகச் சொன்னேன்."

"நானும் அந்தக் கார்லதானேப்பா இருந்தேன். எனக்குத் தெரியாதா? இத அவன்கிட்ட சொல்லுங்க."

"அவனுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. ஏணையை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பா வருத்தப்படுகிறார், நீயாவது ஒரு வார்த்தை பேசேன் என்றேன்.

"போகச் சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்லலா. ஓட்டுனது நான்தானே, இஞ்சின் போனா போகுது" என்றான். "ஆனா நான் அவரு பேச்ச ஒரே ஒரு தடவதான் கேட்டேன். அதுகூட அவருக்கு ஞாபகம் வரலியே."

குழந்தை அழுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதுதான் கொடுமை. தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். "வேலயெல்லாம் எப்படி?" என்கிறார் அப்பா. "நல்லா இருக்குப்பா" என்கிறான் அண்ணன். "ரோட்டுல ஜாமா?" "கொஞ்சம்." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் சமையலறையில் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். யாராவது ஒருவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிடமாட்டாரா என்று இருக்கும். முன்பு இருவரும் பேசாமல் இருந்தபோது நடுவில் தூது போக நான் இருந்தேன். இந்த மரியாதைக்கு நடுவில் யார் தூது போவது?

என் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அத்தை இன்றும் பெருமையாகச் சொல்வார்: "என்ன ஆனா என்னா, வண்டிய திருப்பாமக் கொண்டுபோயி சேத்தோம், பொண்ணு நல்லா இருக்கா." நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் செம்பனைப் பாதையில் என் அப்பாவும் அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டு போனதைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்பதால், முகூர்த்தம் தப்பவில்லை என்று மற்றவர்கள் சந்தோஷப்படும்போதெல்லாம், அதற்காக நாங்கள் எதைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தோம் என்று நான் மட்டும் நினைத்துக்கொள்வேன்.